கணக்கில் தன்னைச் சேர்க்காதவர்கள்

1884 செப்டம்பர் 6 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்தில் ஒரு ஜெர்மானியப் பாய்மரக் கப்பல் மூன்று பேரை இறக்கிவிட்டது. எலும்பும் தோலுமாக இருந்த அந்த மூவரும் தென் அட்லாண்டிக்கில் மூழ்கிப்போன ‘மின்யோனெட்’ என்ற கப்பலைச் சேர்ந்தவர்கள். கப்பல் தொலைந்தால் அதைப் பற்றி அதிகாரிகளிடம் வாக்குமூலம் தரவேண்டும் என்பது சட்டம். கப்பல் தலைவர் டாம் டட்லி எதையும் மறைக்கவில்லை. நான்காவதாக இருந்த ரிச்சர்ட் பார்க்கர் என்ற 17 வயதுப் பையனைத் தாம் கொன்றதையும், அவன் உடலைத் தின்று மூவரும் உயிர் பிழைத்ததையும் விவரமாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் வீட்டுக்குப் போய்விடலாம் என்றே எண்ணியிருந்தார். நடுக்கடலில் பட்டினி கிடந்தவர்கள் இப்படிச் செய்தால் கரையிலுள்ளவர்கள் அதைத் தோண்டித் துருவுவதில்லை என்பது மாலுமிகளிடையே நெடுங்கால நம்பிக்கை. அன்று அதிகாரிகள் அவர்களைக் கைது செய்தார்கள்.

சட்டக் கல்லூரிகளிலும் தத்துவ வகுப்புகளிலும் இன்றுவரை விவாதிக்கப்படும் வழக்கு இது. விவாதம் பெரும்பாலும் இரண்டு கட்சிகளாகப் பிரியும். விளைவைப் பார்க்கும் கட்சி, நால்வரும் சாவதைவிட ஒருவன் செத்து மூவர் பிழைப்பது மேல் என்கிறது. கடமையைப் பார்க்கும் கட்சி, குற்றமற்ற ஒருவனைக் கொல்வது தவறு, அதனால் எத்தனை பேர் பிழைத்தாலும் அந்தத் தவறு சரியாகிவிடாது என்கிறது. இரண்டில் எது சரி என்று கேட்டால் விவாதம் முடிவதேயில்லை. கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். முடிவுக்கான விலையைக் கொடுப்பது யார்? முடிவெடுத்தவர் தம்மையும் அந்தக் கணக்கில் சேர்த்தாரா? விளைவைப் பேசுபவரையும் கடமையைப் பேசுபவரையும் இந்த ஒரே கேள்வியால் சோதிக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

படகில் நடந்தது

மின்யோனெட் 52 அடி நீளமுள்ள உல்லாசக் கப்பல், 1867இல் கட்டப்பட்டது. ஆஸ்திரேலிய வழக்கறிஞர் ஒருவர் அதை விலைக்கு வாங்கியிருந்தார். அதைச் சிட்னிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை ஏற்று, 1884 மே 19 அன்று டட்லி சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்பட்டார். துணைத் தலைவர் எட்வின் ஸ்டீபன்ஸ், மாலுமி எட்மண்ட் புரூக்ஸ், எடுபிடி வேலைக்குப் பார்க்கர் என மொத்தம் நால்வர். பார்க்கர் தாய் தந்தை இல்லாதவன். ஜூலை 5 அன்று, நன்னம்பிக்கை முனையிலிருந்து ஏறத்தாழ 1,600 மைல் தொலைவில், ஒரு பேரலை கப்பலின் பக்கவாட்டை உடைத்தது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 13 அடிப் படகில் தாவி ஏறிய நால்வரிடமும் இருந்தவை இரண்டு டப்பா டர்னிப் கிழங்கு. குடிநீர் இல்லை.

நான்காம் நாள் ஒரு கடலாமை கிடைத்தது. அந்த இறைச்சி ஏறத்தாழப் பன்னிரண்டாம் நாள்வரை வந்தது. அவ்வப்போது பெய்த மழையைத் தங்கள் மழையங்கிகளில் பிடித்துக் குடித்தார்கள். பார்க்கர் தாகம் தாங்காமல் கடல்நீரைக் குடித்து, நோயுற்றுப் படகின் அடியில் கிடந்தான். ஜூலை 24 அன்று டட்லி ஒரு யோசனை சொன்னார். சீட்டுப் போடலாம், சீட்டு விழுந்தவர் மற்றவர்களுக்காகச் சாகட்டும். புரூக்ஸ் மறுத்துவிட்டார். பையனிடம் அதைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை. பிறகு பேச்சு வேறு திசையில் போனது. டட்லிக்கும் ஸ்டீபன்ஸுக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள்; பையனுக்கு யாரும் இல்லை; அவன் எப்படியும் சாகப்போகிறவன். மறுநாளும் எந்தக் கப்பலும் கண்ணில் படவில்லை. டட்லி கடவுளிடம் மன்னிப்பு வேண்டிக்கொண்டு, பேனாக்கத்தியால் பையனின் கழுத்தில் குத்தினார். ஸ்டீபன்ஸ் அதற்கு உடன்பட்டிருந்தார். புரூக்ஸ் உடன்படவில்லை, ஆனால் உண்டார். அதிலிருந்து நான்காம் நாள் ஜெர்மானியக் கப்பல் அவர்களைக் கண்டது.

சீட்டிலிருந்து பையனுக்கு முடிவு தாவிய அந்த இடத்தை நிதானமாகப் பார்க்கவேண்டும். சீட்டு என்ற யோசனையில் டட்லியின் உயிரும் பணயத்தில் இருந்தது. அது கைவிடப்பட்டபோது, பணயத்திலிருந்து மூன்று உயிர்கள் வெளியே எடுக்கப்பட்டு, ஒன்று மட்டும் உள்ளே விடப்பட்டது. கடலில் இது புதிதும் அல்ல. 1835இல் ‘ஃபிரான்சிஸ் ஸ்பெயிட்’ என்ற கப்பல் சிதைந்தபோது, அதன் தலைவர் சீட்டுப் போடச் சொன்னார்; ஆனால் குடும்பம் இல்லாதவர்கள் என்று காரணம் காட்டி, சிறுவர்கள் நால்வருக்குள் மட்டும் போடச் சொன்னார். 15 வயதுப் பையன் ஒருவன் பெயருக்குச் சீட்டு விழுந்தது. தற்செயலின் நடுநிலைகூட, யாரை அதற்குள் சேர்ப்பது என்ற முடிவை வலியவர்கள் எடுக்கும்போது பொய்யாகிவிடுகிறது.

ஜூரியும் நீதிபதிகளும்

ஊர் மக்களின் பரிவு குற்றம்சாட்டப்பட்டவர்கள் பக்கமே இருந்தது. பார்க்கரின் அண்ணனே நீதிமன்றத்தில் அவர்களோடு கைகுலுக்கினார். புரூக்ஸை அரசுத் தரப்பு சாட்சியாக்கிக்கொண்டது. நவம்பரில் எக்ஸிட்டர் நகரில் விசாரணை தொடங்கியபோது, ஜூரி பரிவு காட்டி விடுதலை செய்துவிடக்கூடும் என்று கருதிய நீதிபதி ஹடில்ஸ்டன், குற்றம் உண்டா இல்லையா என்று சொல்லவேண்டாம், நடந்தவற்றை மட்டும் உறுதிப்படுத்தினால் போதும் என்று ஏற்பாடு செய்தார். அப்படி ஜூரி உறுதிப்படுத்தியவற்றில் இரண்டு முக்கியமானவை. பையனின் உடலை உண்ணாதிருந்தால் மூவரும் அநேகமாகப் பிழைத்திருக்கமாட்டார்கள். அவனும் அவர்களுக்கு முன்பே இறந்திருக்கக்கூடும். இது டட்லிக்குச் சாதகம். இன்னொன்று, மற்ற மூவரில் ஒருவரைக் கொல்வதைவிடப் பையனைக் கொல்வதற்குக் கூடுதலான தேவை ஏதும் இருக்கவில்லை. ஒருவர் சாகவேண்டிய தேவை இருந்தது என்று ஒப்புக்கொண்டாலும், அந்த ஒருவர் பார்க்கராக இருக்கவேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

லண்டனில் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் தலைமையில் ஐந்து நீதிபதிகள் கூடி, டிசம்பர் 9 அன்று தீர்ப்பளித்தார்கள். உயிரைக் காத்துக்கொள்ளும் தேவை கொலைக்கு நியாயமாகாது என்றார் கோல்ரிட்ஜ். உயிர்களின் மதிப்பை எந்த அளவுகோலால் அளப்பது, வலிமையாலா, அறிவாலா என்று கேட்டார். அப்படி ஓர் அளவுகோல் இருந்தாலும், அதைக் கையில் வைத்திருப்பவரே ஆதாயம் அடைபவராகவும் இருக்கிறார் என்பதைச் சுட்டினார். தங்களாலேயே எட்டமுடியாத அளவுகோலைப் பிறருக்கு விதிக்கவேண்டியிருக்கிறது என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். இருவருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. சில நாட்களிலேயே அரசு அதை ஆறு மாதச் சிறையாகக் குறைத்தது. 1885 மே மாதம் இருவரும் வெளியே வந்தார்கள்.

அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவிலும் இதே போன்ற ஒரு முடிவு வந்திருந்தது. 1841இல் ‘வில்லியம் பிரவுன்’ என்ற கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. நீர் புகுந்த படகின் பாரத்தைக் குறைக்க மாலுமிகள் பயணிகளைக் கடலில் தள்ளினார்கள். தள்ளப்பட்டவர்களில் மாலுமி ஒருவர்கூட இல்லை. மறுநாள் காலை படகில் மிஞ்சியவர்கள் மீட்கப்பட்டார்கள். ஹோம்ஸ் என்ற மாலுமிமீது மட்டும் 1842இல் பிலடெல்ஃபியாவில் வழக்கு நடந்தது. படகைச் செலுத்தத் தேவையானவர்கள் போக மற்ற மாலுமிகள் பயணிகளுக்கு முன்பாகத் தங்கள் உயிரைப் பணயம் வைக்கக் கடமைப்பட்டவர்கள், தேர்ந்தெடுத்தே ஆகவேண்டுமானால் சீட்டுப் போட்டிருக்கவேண்டும் என்றார் நீதிபதி. தண்டனை ஆறு மாதச் சிறையும் 20 டாலர் அபராதமும்.

குற்றம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, தண்டனையை இவ்வளவு குறைப்பது போலித்தனம் என்று தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. தீர்ப்பு, இனி வரப்போகும் எல்லாப் படகுகளிலும் இருக்கும் பார்க்கர்களுக்குச் சொல்லப்படுவது: உன் உயிர் பிறர் கணக்கில் செலவு செய்வதற்கு உரியதல்ல. தண்டனைக் குறைப்பு, இருபது நாள் பட்டினியில் கிடந்த இரண்டு மனிதர்களைப் பற்றியது. கடமை தீர்ப்பிலும், சூழ்நிலை தண்டனையிலும் இடம்பெற்றன. இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்க அந்தப் பிரிவு தேவைப்பட்டது.

தத்துவவாதிகளின் பலகை

கடமையின் பெரும் வழக்கறிஞரான இம்மானுவேல் கான்ட்டே இந்தப் பிரிவைச் செய்திருக்கிறார் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஒருவரை மட்டுமே தாங்கக்கூடிய பலகை கடலில் மிதக்கிறது; மூழ்குகிறவர்கள் இருவர்; ஒருவர் மற்றவரைத் தள்ளிவிட்டுப் பலகையைப் பிடித்துக்கொள்கிறார். கிரேக்கச் சிந்தனையாளர் கார்னியடீஸின் பெயரால் வழங்கும் பழைய புதிர் இது. 1797இல் வெளியான தம் அறவியல் நூலில் கான்ட் இதை எடுத்துக்கொண்டு, அந்த மனிதர் குற்றவாளிதான், ஆனால் தண்டிக்கமுடியாதவர் என்றார். இப்போதே மூழ்கிச் சாகப்போகிறவரைப் பிறகு வரப்போகும் தூக்குத்தண்டனை அச்சுறுத்தாது என்பது அவர் தந்த காரணம்.

அதே ஆண்டு கான்ட் எழுதிய இன்னொரு கட்டுரை அவருடைய வாசகர்களை இன்றும் சங்கடப்படுத்துகிறது. கொலைகாரன் ஒருவன் துரத்திவர, உங்கள் நண்பர் உங்கள் வீட்டில் ஒளிந்திருக்கிறார். அவர் உள்ளே இருக்கிறாரா என்று கொலைகாரன் கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக்கூடாது என்றார் கான்ட். வீட்டுக்காரரின் வாய்மை இங்கே களங்கப்படாமல் இருக்கிறது. அதற்கான விலை நண்பரின் உயிராக இருக்கக்கூடும். தன் கைகள் அழுக்காகாமல் பார்த்துக்கொள்வதற்கு இன்னொருவர் சாகிறார் என்றால், அங்கே கடமையும் தன்னைக் கணக்கிலிருந்து விலக்கிக்கொள்கிறது.

விளைவைப் பேசும் பென்தாம், மில் மரபையும் இதே இடத்தில் வைத்துப் பார்க்கலாம். எவர் ஒருவரையும் ஒருவராகவே எண்ணவேண்டும், ஒருவருக்கு மேலாக எண்ணக்கூடாது என்பது அந்த மரபின் அடிப்படை. தன் நலத்தையும் பிறர் நலத்தையும் எடைபோடும்போது மூன்றாம் மனிதரைப்போல நடுநிலையோடு இருக்கவேண்டும் என்று மில் கேட்டார். இந்தக் கண்டிப்போடு பார்த்தால் டட்லி போட்டது விளைவுவாதக் கணக்கே அல்ல. தம் மனைவி மக்களை எடைக்கல்லாக வைத்துக்கொண்டு, பையனின் தனிமையை எதிர்த்தட்டில் வைத்த கணக்கு அது. பையன்தான் சாவுக்கு மிக அருகில் இருந்தான் என்பது உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதை அளந்தவர்களுக்கே அதனால் உயிர் கிடைத்தது. அளக்கப்பட்டவனிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

இந்த இரண்டு மரபுகளுக்கும் நெடுங்காலம் முன்பே வள்ளுவர் இதை வேறு விதமாகப் பிரித்திருக்கிறார். வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். அங்கே விளைவு முக்கியம். கான்ட்டின் வீட்டுக்காரருக்கு வள்ளுவர் வேறு பதில் சொல்லியிருப்பார். கொல்லாமை அதிகாரத்துக்கு வந்ததும் அளவுகோல் மாறுகிறது. கொலையால் வரும் ஆக்கம் எவ்வளவு பெரிதானாலும் சான்றோர்க்கு அது இழிவு என்கிறார். தன் உயிரே போவதானாலும் பிற உயிரை நீக்கும் செயலைச் செய்யக்கூடாது என்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால், முன்னுக்குப்பின் முரணாகத் தோன்றுவதற்குள் ஓர் ஒழுங்கு தெரிகிறது. பொய்யைக் கடிந்துவிடாத இடத்தில், வாய்மையின் விலையைப் பிறர் கொடுக்கவேண்டியதில்லை. கொல்லாமையை வற்புறுத்தும் இடத்தில், அந்த விலை தன் உயிர். கடமை என்பது தன் செலவில் காக்கப்படவேண்டியது என்று இதை நான் வாசிக்கிறேன்.

நம் சட்டத்திலுள்ள கப்பல்

டிராம் வண்டிப் புதிரைக் கேள்விப்படாதவர்கள் இன்று குறைவு. பிரேக் பிடிக்காத வண்டி ஐந்து பேரை நோக்கி ஓடுகிறது, திருப்பிவிட்டால் இன்னொரு தண்டவாளத்தில் நிற்கும் ஒருவர் சாவார், திருப்பலாமா? ஆங்கிலத் தத்துவவாதி ஃபிலிப்பா ஃபூட் 1967இல் இதை எழுதினார். ஏறத்தாழ இதே புதிர் அதற்கு நூறாண்டுக்கு முன்பே நம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. நீராவிக் கப்பலின் தலைவர் ஒருவர், தம்மிடம் எந்தத் தவறும் இல்லாத நிலையில், 20 அல்லது 30 பேர் இருக்கும் படகின்மீது மோதப்போகிறார். கப்பலைத் திருப்பினால் இரண்டே பேர் இருக்கும் இன்னொரு படகில் மோதக்கூடும், மோதாமலும் தப்பிக்கலாம். அந்த இருவர்மீதும் மோதவேண்டும் என்ற எண்ணமின்றி, பெரிய படகிலுள்ளவர்களைக் காக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு திருப்பினால் அவர் குற்றவாளி ஆகமாட்டார், தவிர்க்க நினைத்த ஆபத்து அதற்குத் தகுந்த அளவு பெரியதாக இருந்தால். இப்போது நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 19ஆம் பிரிவு இதன் தொடர்ச்சி.

அதே 1860 சட்டத்தின் 94ஆம் பிரிவு இன்னொரு கதவைச் சாத்துகிறது. கொன்றுவிடுவோம் என்ற மிரட்டலுக்குப் பயந்து செய்த குற்றங்களில் பலவற்றை மன்னிக்கும் அந்தப் பிரிவு, கொலையை மன்னிப்பதில்லை. ஆக, ஒரே சட்டத்துக்குள் எண்ணிக்கைக்கு இடம் உண்டு, தன் உயிருக்காகப் பிறர் உயிரைக் கொடுப்பதற்கு இடம் இல்லை. கப்பல் தலைவர் இரண்டு கூட்டத்துக்கும் வெளியே இருக்கிறார். சிறிய படகிலுள்ள இருவரின் சாவு அவருக்கு எதையும் ஈட்டித் தருவதில்லை. அவர்கள் அங்கே இல்லாமலிருந்தால் அவருக்கு இன்னும் நல்லது. டட்லிக்கோ பார்க்கர் அங்கே இருந்தாகவேண்டும்; அவன் உடல்தான் வழி. பாலத்தின்மேல் நிற்கும் பருத்த மனிதரைத் தள்ளி டிராமை நிறுத்தலாமா என்று அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் ஜார்விஸ் தாம்சன் கேட்டபோது, வண்டியைத் திருப்பச் சம்மதித்த பலரும் தயங்கி நின்றது இதனால்தான்.

டிராம் புதிருக்குப் பெயர் வாங்கித் தந்தவரே தாம்சன்தான். வண்டியைத் திருப்புவது சரி என்று பல ஆண்டுகள் வாதிட்ட அவர், 2008இல் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டார். தண்டவாளத்தின் ஓரமாக நின்று வண்டியைத் திருப்பக்கூடியவருக்கு மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: வண்டியைத் தம்மீதே திருப்பிக்கொள்ளலாம். ஐந்து பேருக்காகத் தம் உயிரைக் கொடுக்க அவர் தயாராக இல்லை என்றால், அதே நன்மைக்காக இன்னொருவரின் உயிரை எடுத்துக் கொடுக்க அவருக்கு என்ன உரிமை என்று கேட்டார் தாம்சன். எவருக்கும் உயிரைக் கொடுக்கும் கடமை இல்லை. அதனாலேயே பிறருடையதைக் கொடுத்து வள்ளலாகவும் முடியாது. இந்த வாதம் 81ஆம் பிரிவின் கப்பல் தலைவரையும் முழுமையாக விட்டுவைக்காது. ஆனால் அவர் ஓரமாக நிற்பவர் அல்ல. கப்பல் அவர் கையில் இருக்கிறது; திருப்பாமல் விட்டால் 30 பேரைக் கொல்வதும் அவர் கப்பலே. எந்தப் பக்கம் போனாலும் அவர்தான் பதில் சொல்லவேண்டியவர்.

வானத்தில் ஒரு விமானம்

கணக்கைப் போடுவது தனிமனிதராக இல்லாமல் அரசாக இருந்தால் என்ன ஆகும்? 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஜெர்மனி இந்தக் கேள்வியை நேரடியாக எதிர்கொண்டது. பயங்கரவாதிகள் கைப்பற்றி ஆயுதமாகப் பயன்படுத்தும் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தப் பாதுகாப்பு அமைச்சருக்கு அதிகாரம் தரும் வான்பாதுகாப்புச் சட்டம் 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2006 பிப்ரவரி 15 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. எப்படியும் சாகப்போகிறவர்கள் என்ற காரணத்தால் பயணிகளின் மனித மாண்பு குறைந்துவிடுவதில்லை. பிறரைக் காக்கும் பொருளாக அவர்களை அரசு பயன்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். வானில் என்ன நடக்கிறது என்பது அந்த நிமிடங்களில் உறுதியாகத் தெரியவும் தெரியாது என்பதையும் கருத்தில் கொண்டது.

அடுத்த ஆண்டே பாதுகாப்பு அமைச்சர் ஃபிரான்ஸ் யோசஃப் யுங், அப்படி ஒரு நிலை வந்தால் தாம் சுடச்சொல்லி ஆணையிடப்போவதாகச் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியது. போர் விமானிகளின் சங்கம் அந்த ஆணையை ஏற்கவேண்டாம் என்றது. 2015இல் மேடையேறிய ஃபெர்டினான்ட் ஃபான் ஷிராக்கின் ‘டெரர்’ நாடகம் இதையே நீதிமன்றக் காட்சியாக்கியது. 70,000 பேர் இருக்கும் விளையாட்டரங்கைக் காக்க 164 பேர் இருந்த விமானத்தைச் சுட்ட விமானப்படை மேஜர் குற்றவாளியா என்று பார்வையாளர்களே வாக்களித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும். பெரும்பாலான இடங்களில் விடுதலை என்றே தீர்ப்பு வந்தது.

நாடகத்தின் பார்வையாளர்கள் ஒரு மனிதரைப் பார்த்துத் தீர்ப்பளித்தார்கள். நீதிமன்றம் ஒரு சட்டத்தைப் பார்த்துத் தீர்ப்பளித்தது. ஆணையிட்டுவிட்டு அல்லது சுட்டுவிட்டு, அதற்காக விசாரணைக்கு நிற்கும் மனிதர் தம் வாழ்நாளையே பணயம் வைக்கிறார். முன்கூட்டியே அனுமதி தரும் சட்டம் அந்தப் பணயத்தை நீக்கிவிடுகிறது. பயணிகள் மட்டுமே விலை கொடுப்பார்கள். அமைச்சருக்கும் விமானிக்கும் அது அலுவலக நடைமுறை ஆகிவிடும். அந்த மேஜரின்மேல் பரிவு கொள்பவரும் அந்தச் சட்டம் கூடாது என்று சொல்ல முடியும். இரண்டுக்கும் இடையே முரண்பாடு இல்லை.

அளவுகோல் தடுமாறும் இடம்

இந்த அளவுகோல் எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதில்லை. 2000 ஆகஸ்டில் மான்செஸ்டரில் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பெண்குழந்தைகளுக்கு நீதிமன்ற ஆவணங்கள் ஜோடி, மேரி என்று பெயரிட்டன. மேரியின் இதயமும் நுரையீரலும் இயங்கும் நிலையில் இல்லை. ஜோடியின் இதயமே இருவருக்கும் இரத்தத்தை அனுப்பியது. பிரிக்காவிட்டால் சில மாதங்களில் இருவரும் இறப்பார்கள். பிரித்தால் மேரி உடனே இறப்பாள், ஜோடி பிழைக்கக்கூடும். மால்டாவைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெற்றோர், ஒரு மகளைக் கொன்று மற்றவளைக் காக்க எங்களால் சம்மதிக்க முடியாது என்றார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் செப்டம்பர் 22 அன்று பிரிக்க அனுமதித்தது. நவம்பரில் ஏறத்தாழ 20 மணி நேரம் நடந்த அறுவை சிகிச்சையில் மேரி இறந்தாள். ஜோடி பிழைத்தாள்.

மூன்று நீதிபதிகளும் மின்யோனெட் தீர்ப்பைத் தாண்டியே வரவேண்டியிருந்தது. நீதிபதி புரூக் சொன்ன வேறுபாடு முக்கியமானது. படகில் யார் சாகவேண்டும் என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே தேர்வு எவருடையதும் இல்லை, மேரியின் உடல் நிலையே அதை முடிவுசெய்துவிட்டது. நீதிபதி வார்டு, ஜோடியின் உயிரை மேரியின் நிலை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்பதால் தற்காப்புக்கு ஒப்பானது என்றார். முடிவெடுத்தவர்களுக்கு இதில் ஆதாயம் இல்லை. ஆனால் விலை கொடுத்தது மேரி, பிறகு அந்தப் பெற்றோர். அவர்களிடம் சம்மதம் கேட்கப்பட்டது; மறுத்தார்கள்; மறுப்பு ஏற்கப்படவில்லை. ஜோடியின் பக்கம் நின்று பார்த்தால், அனுமதி மறுத்திருந்தால் விலையை அவள் கொடுத்திருப்பாள், அதுவும் பெற்றோரின் மனச்சான்றுக்காக. இரண்டு பக்கமும் விலையைக் கொடுப்பது பேசமுடியாத ஒரு குழந்தை. தீர்ப்பு சரி என்றே கருதுகிறேன்; ஆனால் விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வி இங்கே பதில் தராமல், எதை இழக்கிறோம் என்பதை மட்டும் தெளிவாக்குகிறது.

படகு புறப்படுவதற்கு முன்

1960இல் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், நோயாளியின் கையில் நிரந்தரமாகப் பொருத்தும் குழாயை உருவாக்கியபோது, நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் சாத்தியமானது. சியாட்டிலில் 1962இல் தொடங்கிய சிகிச்சை மையத்தில் இருந்த இயந்திரங்கள் தேவைக்குப் போதவில்லை. யாருக்குத் தருவது என்று முடிவுசெய்யப் பெயர் வெளியிடப்படாத ஏழு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. வயது, திருமணம், பிள்ளைகள், வருமானம், தேவாலயத்தில் ஈடுபாடு எல்லாம் எடைபோடப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் ‘லைஃப்’ இதழில் பத்திரிகையாளர் ஷானா அலெக்சாண்டர் இதை எழுதியபோது அமெரிக்கா அதிர்ந்தது. குழுவினர் கொடியவர்கள் அல்லர். ஊதியமின்றி, மன உளைச்சலோடு செய்தார்கள். ஆனால் அவர்கள் கைக்கொண்ட அளவுகோலில் அவர்களைப் போன்றவர்கள் தாமாகவே தேறினார்கள்: குடும்பமும் வேலையும் கோயிலும் உள்ளவர்கள். கோல்ரிட்ஜ் கேட்ட கேள்வி மருத்துவமனைக்குள் வந்து நின்றது.

அதற்குக் கிடைத்த விடை தத்துவத்திலிருந்து வரவில்லை. 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம், சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களில் ஏறத்தாழ எல்லோருடைய டயாலிசிஸ் செலவையும் மருத்துவக் காப்பீட்டின்கீழ் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. இயந்திரங்கள் பெருகின, தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு வேலை இல்லாமல் போனது. மின்யோனெட்டுக்கும் இதே கோணம் உண்டு. பெருங்கடலைக் கடக்க அனுப்பப்பட்டது 17 ஆண்டுப் பழைய உல்லாசக் கப்பல். அதன் உயிர்காப்புப் படகில் குடிநீர்கூட வைக்கப்பட்டிருக்கவில்லை. இருபதாம் நாளின் கேள்வியை நாம் நூற்றாண்டுக்கு மேலாக விவாதிக்கிறோம். முதல் நாளின் கேள்வியை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

எல்லாப் பற்றாக்குறையையும் பணத்தால் தீர்க்க முடியாது. 2020 மார்ச்சில் இத்தாலியின் மயக்க மருந்தியலாளர் சங்கம், தீவிர சிகிச்சைப் படுக்கைகள் தீர்ந்துபோகும் நிலையில் வயது வரம்பு வைக்கவேண்டி வரலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைக் கடுமையாக விமர்சித்தவர்கள் உண்டு. ஆனால் அது வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. எழுதிய மருத்துவர்களின் பெற்றோருக்கும், நாளை அவர்களுக்கேகூட அது பொருந்தும். நள்ளிரவில் களைத்துப்போன ஒரு மருத்துவர் யாரும் அறியாமல் எடுக்கும் முடிவைவிட இது மேலானது. எழுதி வைத்த விதியில் எண்ணிக்கைக்கும் பிழைக்கும் வாய்ப்புக்கும் இடம் இருக்கலாம். குடும்பத்துக்கும் வருமானத்துக்கும் பதவிக்கும் இடம் இருக்கக்கூடாது, ஏனென்றால் அவை விதியை எழுதுபவர்களிடம் ஏற்கெனவே இருப்பவை.

விளைவைக் கணக்கிடுவதை அறத்திலிருந்து முற்றிலும் விலக்கிவிட முடியாது. பெருந்தொற்றோ வெள்ளமோ வரும்போது கணக்கிட மறுப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் சாவு உண்டு. கடமையை விட்டுவிடவும் முடியாது. அதை விட்ட இடத்தில் முதலில் சாவது எப்போதும் படகின் அடியில் கிடப்பவர்தான். ஆகவே இந்த இரண்டில் எதைக் கையில் எடுப்பவரிடமும் கேட்கவேண்டியது ஒன்றே. உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால், பட்டியலில் இருப்பவர்களிடம் கேட்டீர்களா? கேட்க வழியில்லாமல் முடிவெடுத்திருந்தால், அதற்காகப் பொதுவில் விசாரணைக்கு நிற்பீர்களா? இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று சொல்லமுடியாதவர் போட்ட கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், அதைச் செயல்படுத்தும் உரிமை அவருக்கு இல்லை.